புது மரப்படகை முதன்முதலில் தண்ணீரில் இறக்கினால் ஏன் கசிகிறது?

பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துக் கட்டும் படகில், இடுக்கு உட்பக்கம் ஒட்டியும் வெளிப்பக்கம் சற்று அகன்றும் இருக்கும். அதில் பஞ்சுத் திரியை உளி வைத்து அடித்து அடைத்து, மேலே மக்கு பூசுவார்கள். இதுதான் கலப்பத்து.

உலர்ந்த பலகை தண்ணீர் குடித்ததும் அகலவாக்கில் உப்பும். நீளத்தில் அநேகமாக மாறாது. மழைக்காலத்தில் மரக்கதவு நிலையோடு இறுகிக்கொள்கிறதே, அதேதான். பலகைகள் நெருங்கிப் பஞ்சை நசுக்கியதும் கசிவு அடங்கும். சில மணி நேரமோ சில நாட்களோ ஆகலாம். அதுவரை தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பஞ்சை அளவாக அடிப்பதில்தான் கைத்திறனே இருக்கிறது. தளர்ந்தால் தண்ணீர் நிற்காது. அளவுக்கு மீறி இறுக்கினால், பலகை உப்ப இடமில்லாமல் ஆணியைத் தளர்த்திவிடும், உள்சட்டம்கூட விரிசல் விடும்.

முதல் நாள் கசிந்தால் வேலை மோசம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அவசரப்பட்டு இடுக்குகளில் எபாக்சி என்ற, காய்ந்தால் கெட்டியாகிவிடும் பசையை ஊற்றிவிடாதீர்கள்.