சிஸ்டரிடம் கேளுங்கள்: இரவு எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள்

கேள்வி: சிஸ்டர், என் அம்மாவுக்கு 79 வயது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆனது. ஆள் பிடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை, மறதியும் கூடிவிட்டது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டோடு வைத்த இரண்டு பெண்களும் நிலைக்கவில்லை. முதியோர் இல்லம் இரண்டு பார்த்து வந்தோம். ஒன்று புதுக் கட்டடம், கிரானைட் தரை, அறைக்கு ஏசி. மற்றது பழைய வீடு, சின்ன இடம். மனசு புதியதில் நிற்கிறது, ஆனாலும் பயமாக இருக்கிறது. எதை வைத்து நம்புவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: கிரானைட்டை விடுங்கள் அம்மா. தண்ணீர் சிந்தினால், இடுப்பு முறிந்தவருக்கு அதைப்போல ஆபத்தான தரை வேறு இல்லை.

இரண்டு இடத்துக்கும் போன் செய்துவிட்டு, பகலில்தானே போனீர்கள்? இன்னொரு முறை சொல்லாமல் போங்கள், இரவு எட்டு மணிக்கு. 34 வருடம் வார்டில் வேலை பார்த்தவள் சொல்கிறேன்: ஆள் குறைவது நைட் டியூட்டியில்தான். பெல் அடித்து எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறது என்று பாருங்கள். எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்பதை மேனேஜரிடம் கேட்பதைவிட ஆயாவிடம் கேளுங்கள்: "நேத்து ராத்திரி யார் யார் இருந்தீங்க?" அவர் வேலைக்குச் சேர்ந்து எத்தனை மாதம் என்பதையும் கேளுங்கள். மாதம் ஒரு ஆள் மாறுகிற இடத்தில், உங்கள் அம்மாவை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்கினால் வலிக்காது என்று யாருக்குமே தெரியாது.

வாசல் கதவு பூட்டியிருக்கும். மறதி உள்ளவர்கள் வெளியே போய்விடுவார்கள், பூட்டத்தான் வேண்டும். ஆனால் சாவி யாரிடம், இன்னொரு வழி உண்டா என்று கேட்கத் தயங்காதீர்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் 28 பேர் இறந்தார்கள். பலர் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள். பூட்டிய கதவு எதைப் பார்த்தாலும் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

இப்போது என் வீட்டுக் கதை. என் அக்காவை ஒரு இல்லத்தில் சேர்த்திருந்தோம். வாராவாரம் போவேன். தலை வாரி, பவுடர் போட்டு, நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள். நானும் அவள் முகத்தைப் பார்த்து நிம்மதியாகத் திரும்புவேன். ஒருநாள் காலில் சாக்ஸ். வைகாசி வெயிலில் எதற்கு சாக்ஸ் என்று கழற்றினேன். இடது குதிகாலில் எட்டணாக் காசு அகலத்துக்குக் கறுத்து, தொட்டால் சுட்டது. கட்டிலில் படுக்க வைத்துத் திருப்பினால், புட்டத்துக்கு மேலே எலும்பு துருத்தும் இடத்தில் ஆழமான படுக்கைப் புண். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுந்திருக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரமாவது புரட்டிப் போட வேண்டும். அங்கே ராத்திரி முழுக்க ஒருவரும் தொடவில்லை.

அதனால் கலகலவென்று பேசுகிற பாட்டியை வைத்து இல்லத்தை எடை போடாதீர்கள். பேச முடியாமல் மூலைக் கட்டிலில் கிடப்பவரைப் பாருங்கள். குதிகால் எப்படி இருக்கிறது, நகம் வெட்டியிருக்கிறதா, உதடு காய்ந்திருக்கிறதா? டயப்பர் மாற்றுகிற வேலையை மிச்சம் பிடிக்கத் தண்ணீரையே குறைத்துக் கொடுக்கும் இடங்கள் உண்டு. பகல் பதினொரு மணிக்கு எல்லோரும் அசந்து தூங்கினால், என்ன மாத்திரை, எந்த டாக்டர் எழுதினார் என்று கேட்டாக வேண்டும்.

பேப்பர் விஷயம்: அரசிடம் பதிவு செய்த சான்றிதழைக் கேளுங்கள், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் சரிபார்க்கலாம். நடுவில் அழைத்துப் போனால் முன்பணம் எவ்வளவு திரும்பும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கூட யார் இருப்பார்கள், இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். முதியோருக்கான 14567 இலவச உதவி எண்ணையும் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

அப்புறம், எடுத்த எடுப்பில் வருஷக் கணக்கில் பேசாதீர்கள். பதினைந்து நாள் விட்டுப் பாருங்கள். போகிற நாளெல்லாம் அம்மாவின் குதிகால், இடுப்பு, முதுகு மூன்றையும் நீங்களே பாருங்கள். படுக்கைப் புண் தொடங்கும் இடம் சிவக்கும் என்பார்கள், ஆனால் மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் அந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றிலும் உள்ள தோலைவிடக் கறுத்தோ சூடாகவோ இருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். "கூச்சப்படுவாங்க" என்று உங்களைத் தடுத்தால், அன்றைக்கே அழைத்து வந்துவிடுங்கள்.

அந்தப் பழைய வீட்டை அதற்குள் தள்ளிவிடாதீர்கள். அங்கே கட்டிலிலிருந்து பாத்ரூம் எத்தனை அடி, சுவரில் கைப்பிடி இருக்கிறதா, ராத்திரியில் அந்த வழியில் விளக்கு எரிகிறதா? நீங்கள் எழுதவில்லை. பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.