மெக்சிகோவில் ஓடும் ரயிலை நோக்கிச் சாப்பாட்டுப் பொட்டலம் நீட்டும் பெண்கள் யார்? அந்தப் பணியை நடத்துவது யார்?

லாஸ் பத்ரோனாஸ் என்று பெயர். வேராக்ரூஸ் மாநிலத்தில் லா பத்ரோனா என்ற சிற்றூர்ப் பெண்கள்தான் நடத்துகிறார்கள். பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இருந்து தொடங்கியதல்ல, ஒரு குடும்பத்தில் ஆரம்பித்தது.

1995 பிப்ரவரியில் ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு வந்த அக்கா தங்கை இருவர், ரயில் போகட்டும் என்று தண்டவாளத்தருகே நின்றார்கள். சரக்குப் பெட்டிகளில் தொற்றிக்கொண்டு அமெரிக்கா நோக்கிப் போனவர்கள் பசிக்கிறது என்று கத்தினார்கள். கையிலிருந்ததை அப்படியே கொடுத்துவிட்டார்கள். அம்மா லியோனிலா வாஸ்கெஸ் கோபித்துக்கொள்ளவில்லை, அடுப்பை மூட்டினார். இன்னொரு மகள் நோர்மா ரொமேரோதான் பிறகு எல்லாவற்றையும் ஒருங்கிணைத்தார்.

சோறு, பீன்ஸ், சோள ரொட்டி. தண்ணீர் பாட்டில்களை இரண்டிரண்டாகக் கயிற்றில் கட்டுவார்கள். ரயில் நிற்காது, ஓடும்போதே கயிற்றில் விரலை மாட்டி இழுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு முடிச்சில் எவ்வளவு அக்கறை!

பயணிகளில் பலர் ஹோண்டுராஸ், குவாத்தமாலாக்காரர்கள். 2013-இல் மெக்சிகோவின் தேசிய மனித உரிமை விருது லாஸ் பத்ரோனாஸ் பெண்களுக்குக் கிடைத்தது. அடிபட்டவர்கள் தங்கிப்போகவும் இடம் வைத்திருக்கிறார்கள்.