லெட்டர்பேடும் ஏரியும்

கேள்வி: எங்கள் கிராமத்தில் குடியிருப்போர் நலச் சங்கம் தொடங்கி, முறைப்படி பதிவு செய்து, லெட்டர்பேட் அடித்து, ஏரியைத் தூர்வாரக் கோரி கலெக்டருக்குப் பல மனுக்கள் கொடுத்துவிட்டோம். பலனில்லை. உண்ணாவிரதம் இருக்கலாமா?
– ஒரு வாசகர், உத்திரமேரூர் வட்டம்

பதில்: இருங்கள், உடம்புக்கு நல்லது. ஏரியில் அதனால் ஒரு சட்டி மண்கூட நகராது. உங்கள் கேள்வியில் என் கண் போய் நின்றது லெட்டர்பேடில்தான்.

சங்கம் பிறந்த மறுநாளே அச்சகத்துக்கு ஓடுவது நம் மரபு. இடது மூலையில் வள்ளுவர், வலது மூலையில் அப்துல் கலாம், நடுவில் பதிவு எண், அடியில் ஒரு குறள். ஓரம் முழுக்க நிர்வாகிகள்: கௌரவத் தலைவர், தலைவர், செயல் தலைவர், துணைத் தலைவர்கள், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர், சட்ட ஆலோசகர். இவ்வளவும் போக மிச்சமிருக்கும் நாலு விரற்கடை இடத்தில் ஏரியை அடக்கியாக வேண்டும். 1975-ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்துக்கு ஏழு உறுப்பினர்கள் போதும். லெட்டர்பேடுக்குப் போதாது. பெயர் விட்டுப்போனவர் போட்டிச் சங்கம் ஆரம்பித்துவிடுவார். அதற்கும் ஒரு லெட்டர்பேட், அதே வள்ளுவர், அதே கலாம். குறள் மட்டும் வேறு.

இப்படிப் பிறந்த சங்கங்களில் பல, ஆண்டுக் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்வதே இல்லை. பொருளாளர் கோபித்துக்கொள்வார் என்று யாரும் கேட்பதுமில்லை. நீங்கள் எழுதுவதோ உத்திரமேரூர் பக்கத்திலிருந்து! பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டைச் சொல்லி மேடைக்கு மேடை குடவோலை, குடவோலை என்கிறோம். அதே கல்வெட்டில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், பதவி 360 நாள் என்று இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் உறவுக்காரர்களும் குடத்தில் பெயர் போடக்கூடாது என்றும் இருக்கிறது. இதை எந்த மேடையிலும் கேட்டதில்லை. (நிலமும் வேதமும் தகுதி என்று வைத்து ஊரில் பெரும்பாலோரை வெளியே நிறுத்திய சபை அது, அதற்கு நான் மாலை போடவில்லை. கணக்கு விதியை மட்டும் கடன் கேட்கிறேன்.)

சரி, மனுவுக்கு வருவோம். 'எங்கள் ஏரியைத் தூர்வார ஆவன செய்யுமாறு பணிவுடன்...' என்றுதானே எழுதினீர்கள்? எந்த ஏரி, யாருடைய ஏரி? ஆயக்கட்டு, அதாவது ஏரி பாயும் நிலப்பரப்பு, 100 ஏக்கருக்குக் குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது, மேலே போனால் நீர்வளத்துறையுடையது. இது தெரியாமல் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனு, ஒன்றியத்தின் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) மேசைக்குப் போய், 'எமது எல்லைக்குட்பட்டதல்ல' என்று பதில் வாங்கிப் படுத்துக்கொள்ளும். வி.ஏ.ஓ.விடம் நில விவரம் உள்ள 'அ' பதிவேடும் புல வரைபடமும் பார்த்து, சர்வே எண்ணையும் பரப்பையும் எழுதுங்கள். நீர்வளத்துறை ஏரி என்றால் 'டேங்க் மெமாயர்' என்றொரு பழைய ஏடு உண்டு. மதகு மட்டம், முழு நீர்மட்டம், கொள்ளளவு எல்லாம் அதில் கிடைக்கும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமையில் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு. ஆக்கிரமிப்பு என்றாலும் இதே கதைதான்: நீர்வளத்துறை ஏரிக்கு 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், மற்ற புறம்போக்குக்கு 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம்.

லெட்டர்பேடைவிடக் கிராம சபைத் தீர்மானம் கனமானது. 3,001 முதல் 10,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 200 பேர் வந்தால்தான் கோரம். 501 முதல் 3,000 வரை என்றால் 100. ஆளைத் திரட்டுவது பெரிய காரியமில்லை, தீர்மான நோட்டைக் காப்பாற்றுவதுதான் பெரிய காரியம். வெற்றுப் பக்கங்களில் முதலில் கையெழுத்து வாங்கிவிட்டு, தீர்மானத்தைச் சாயங்காலம் சாவகாசமாக எழுதுவது பல ஊர்களில் பழக்கம். எழுதி, வாசித்து, அதன் கீழே கையெழுத்து. அதை அங்கேயே செல்போனில் படம் எடுத்துவிடுங்கள்.

இனி மண். கலெக்டர் அலுவலகத்துக்கு நடந்த காலத்தில் வண்டலை விவசாயிகளே எடுத்திருக்கலாம். 2024 முதல் தாசில்தாரே அனுமதி தரலாம், கட்டணமில்லை. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. உங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால் 26 யூனிட்டும், 32 யூனிட்டும் (ஒரு யூனிட் நூறு கன அடி). முக்கியமான நிபந்தனை, மாவட்ட அரசிதழில் வெளியான பட்டியலில் உங்கள் ஏரி இருக்க வேண்டும். உங்கள் சங்கம் முதலில் பார்த்திருக்க வேண்டியது அந்தப் பட்டியலை.

எங்கே வெட்டுவது? ஜே.சி.பி.காரருக்கு ஆழம்தான் பிடிக்கும், ஏனென்றால் வண்டலுக்குக் கீழே விலைபோகும் சவுடு மண் இருக்கிறது. மதகு மட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது. கிணறுகளுக்கு ஊறும், மாடு குடிக்கும், அவ்வளவுதான். கோடையில் நீர் வடிந்து மதகில் ஓட்டம் நிற்கும் நாளில் ஏரிக்குள் இறங்குங்கள். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் மதகு மட்டம். அந்த ஓரத்தில் இருபது முப்பது அடிக்கு ஒரு கல் நட்டுவிடுங்கள். பாசனத்துக்கு உதவும் வண்டல் கல்லுக்கு மேட்டுப் பக்கம் கிடக்கிறது. கரையின் உள்ளடியிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டருக்குள் யாரும் ஜே.சி.பி. வாளியை இறக்க விடாதீர்கள். அங்கே பள்ளம் விழுந்தால் தண்ணீர் இறங்கும்போது கரை சரியும்.

பல ஊர்களில் வரத்துக் கால்வாயைப் பார்த்தால் தூர்வாரும் ஆசையே போய்விடும். சாலை போட்டவர்கள் குழாய்ப் பாலத்தை வாய்க்கால் தரையைவிட ஓரடி உயரத்தில் வைத்திருப்பார்கள். அந்த ஓரடி நிரம்பாமல் ஏரிக்குச் சொட்டு வராது. சீமைக்கருவேலத்தை இடுப்புயரத்தில் வெட்டி போட்டோ எடுப்பது இன்னொரு வீண்வேலை. அடிக்கட்டையைத் தரைக்குக் கீழே ஓரடி தோண்டி எடுக்காவிட்டால் ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்க்கும்.

எல்லாம் முடிந்ததும் கரையை 'அழகுபடுத்த' ஒருவர் பேவர் பிளாக்கோடு வருவார். திருப்பி அனுப்புங்கள். இதை எழுதும்போதெல்லாம் கோவை வாசகர் ஒருவர், நான் நடைப்பயிற்சிக்கு விரோதி என்று மூன்று பக்கம் திட்டி எழுதுவார். ஐயா, கரையில் ஆள் நடக்கத்தான் வேண்டும். பேவர் பிளாக் போட்டால் எலி வளையும் நண்டு வளையும் கண்ணுக்குத் தெரியாது, அதுதான் என் வழக்கு. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பி நிற்கும்போது கரையின் வெளியடியை ஒட்டி நடந்து பாருங்கள். கசிவு தெளிந்த நீராக இருந்தால் அடையாளம் வைத்துத் தினம் கவனிக்கலாம். கலங்கலாக வந்தால் கரை மண்ணையும் சேர்த்து இழுத்து வருகிறது. அன்றைக்கே மணல் மூட்டை வேண்டும், பொறியாளருக்குப் போன் போக வேண்டும்.