அமெரிக்காவின் டெக்சாஸில் கைதான தம்பியின் பெயர் நகரப் போலீஸ் இணையதளத்தில் இல்லையா?

தேட வேண்டியது கவுன்டி (நம் மாவட்டம் போன்ற பகுதி) காவல் தலைவரான ஷெரிப்பின் தளத்திலுள்ள சிறைப் பட்டியலில். டெக்சாஸின் சிறுநகரங்களில் கைது செய்வது நகரப் போலீஸ் என்றாலும், அடைப்பது பெரும்பாலும் கவுன்டி சிறையில்தான்.

அங்கும் கிடைக்காவிட்டால் நம் பெயர்முறையே காரணமாக இருக்கலாம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி, செந்தில் முருகன் 'முருகன் செந்தில்' ஆகியிருப்பார். ஒற்றைப் பெயர்க்காரர் என்றால் முதற்பெயர்க் கட்டத்தில் 'எஃப்.என்.யு.' (FNU, 'முதற்பெயர் தெரியாது' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றுகூட நிற்கும்! முதல் மூன்று எழுத்துகளை மட்டும் இட்டு, இரு கட்டங்களிலும் மாற்றி மாற்றித் தேடுங்கள்.

விடுதலையானதும் பல பட்டியல்களிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். பிறகு வழக்கு விவரத்துக்குப் பொதுவாக, சிறுகுற்றமென்றால் கவுன்டி கிளார்க், பெருங்குற்றமென்றால் டிஸ்ட்ரிக்ட் கிளார்க் எனும் நீதிமன்றப் பதிவு அலுவலகத்தை அணுகுங்கள். கைதுப் படத்தை நீக்கப் பணம் கேட்கும் தனியார் தளங்களுக்கு ஒரு காசும் கட்டாதீர்கள்.