ஷாக்கில் பிபி ஏற்றும் மருந்துகள்: சில கேள்விகள்

சார், செப்டிக் ஷாக் (நோய்த்தொற்றால் பிபி சரிந்து உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலை), பிபி 80/40. டோபமினில் ஆரம்பிக்கலாமா? (பயிற்சி மருத்துவர்)

வேண்டாம் தம்பி. நாங்களெல்லாம் டோபமின் போட்டுப் பழகியவர்கள்தான். 2010இல் பலவகை ஷாக் நோயாளிகள் 1,679 பேரிடம் நடந்த ஆய்வில், இறப்பில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இதயத்துடிப்பு தாறுமாறானது டோபமினில் 24 சதவீதம் பேருக்கு, நார்அட்ரினலினில் 12 சதவீதம் பேருக்கு. அதனால் முதலில் நார்அட்ரினலின். போதவில்லையென்றால் கூடவே வாசோபிரசின்.

மருந்து ஏற்ற சென்ட்ரல் லைன் (இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய ரத்தநாளத்தில் விடும் குழாய்) போட டாக்டர் வர ஒரு மணி நேரமாகும். காத்திருக்கலாமா? (ஐசியூ செவிலியர்)

கூடாது சிஸ்டர். முழங்கை மடிப்பிலோ அதற்கு மேலோ நல்ல நரம்பாகப் பார்த்து, டூட்டி டாக்டர் சொன்னதும் அதிலேயே தொடங்குங்கள். 2021 செப்சிஸ் (உறுப்புகளைப் பாதிக்கும் தீவிர நோய்த்தொற்று) வழிகாட்டுதலும் இதற்கு இடம் தருகிறது. புறங்கை நரம்பு வேண்டாம். பிபி கஃப் மறு கையில் இருக்கட்டும். அதே லைனில் வேறு ஊசி தள்ளினால் குழாயில் நிற்கும் மருந்து மொத்தமாக உள்ளே போய் பிபி எகிறும்.

ஊசி இடம் வெளுத்தாலோ சில்லிட்டாலோ அதில் ஓட்டத்தை நிறுத்துங்கள். ஊசியை உடனே பிடுங்க வேண்டாம், கசிந்ததை அதன் வழியாகவே உறிஞ்சிப் பார்க்கலாம். மறு கையில் மருந்து உடனே ஓட வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் வேகம் குறையும் மருந்து இது. தாமதித்தால் பிபி சரிந்துவிடும்.

சலைன் முழுவதும் ஏறிய பிறகுதானே மருந்து?

கிலோவுக்கு 30 மில்லி என்ற கணக்கு சரி, 60 கிலோ ஆளுக்கு 1,800 மில்லி. பிபி ரொம்பக் கீழே இருந்தால் இரண்டும் சேர்ந்தே ஓடட்டும்.

எதுவரை ஏற்றுவது?

சராசரி அழுத்தம் 65. கீழ் எண்ணை இரண்டு மடங்காக்கி, மேல் எண்ணைக் கூட்டி, மூன்றால் வகுங்கள். 90/50 என்றால் 63தான். சிறுநீர் போகிறதா என்றும் பாருங்கள். எனக்கு மானிட்டரைவிட யூரின் பை மேல் நம்பிக்கை அதிகம்.

தேனீ கொட்டி ஷாக் வந்தால்?

அட்ரினலின், தொடைத் தசையில், பெரியவருக்கு அரை மில்லிகிராம். டிரிப்புக்கு நரம்பு தேடி நேரத்தை விடாதீர்கள்.

அப்பாவுக்கு விரல் நுனி கறுத்துவிட்டது டாக்டர். பிபி ஏற்றும் அந்த மருந்துதான் காரணமா?

பங்கு இருக்கலாம் அம்மா. ரத்தக்குழாயைச் சுருக்கித்தான் அது பிபியை ஏற்றுகிறது. ஷாக்கே விரலுக்கு ரத்தத்தைக் குறைத்துவிடும், நோய்த்தொற்றில் நுண்குழாய்களும் அடைபடும். மருந்தைச் சட்டென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். அளவைக் குறைக்க முடிகிறதா என்று தினமும் கேளுங்கள்.