வேலி, கிணறு, கத்தரிக்காய்: ஒழுங்கைத் தோட்டம் பற்றிக் கேட்டவர்களுக்கு

திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம் எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடுகள் சேர்ந்து, பற்றை மண்டிக் கிடந்த பத்துப் பேர்ச் காணியில் மரக்கறி வைத்து வருகிறோம். 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றபோது எழுந்த பேச்சு அது. வரிசை போன பிறகும் தோட்டம் நிலைத்துவிட்டது. பாடசாலையில் விவசாயம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் என்பதால் மற்ற ஊர்க்காரரும் என்னிடம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தருகிறேன். கேட்டவர்களின் ஊர் மட்டும் போதும்.

அன்புவழிபுரம்: ரீச்சர், ஒன்பது வீட்டார் தயார். முதலில் என்ன விதை வாங்குவது?

விதையை விடுங்கள் தம்பி, தண்ணீரைக் கணக்குப் பாருங்கள். பத்துப் பேர்ச் என்றால் ஏறத்தாழ 250 சதுர மீற்றர். நடைபாதை, எருக்குழி, நிழல் விழும் மூலை எல்லாம் போகப் பாத்திக்கு அரைவாசிதான் மிஞ்சும். மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு சதுர மீற்றர் பாத்தி நாளொன்றுக்கு 5 லீற்றராவது குடிக்கும். ஆக, நாளுக்கு 600 லீற்றருக்கு மேல், பத்து லீற்றர் வாளியால் அறுபது வாளி. யாருடைய கிணறு, யாருடைய மோட்டார், மின்கட்டணம் யாருக்கு? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் மண்வெட்டியைத் தொட வேண்டாம்.

எங்களுடைய முதல் மனக்கசப்பு இதில்தான் வந்தது. மோட்டார் வீட்டுக்காரர் இரண்டு மாதம் வாய் திறக்கவில்லை. மூன்றாம் மாதம் மின்பட்டியலைக் கொண்டுவந்து, காற்றில் பறக்காமல் ஒரு கல்லை மேலே வைத்து, மதிலில் விட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. பட்டியலைப் பார்த்து எல்லோரும் தலை குனிந்தோம். அன்றிலிருந்து வீட்டுக்கு ஒரு சிறு தொகை மாதம் பிறந்ததும் பால்மா டின்னில் விழுகிறது. தண்ணீர் விடுவதற்கும் கிழமை வாரியாகப் பெயர் எழுதிக் கதவில் தொங்கவிட்டோம். "யாராவது விடுவார்கள்" என்று நினைத்த செவ்வாய்க்கிழமைகளில்தான் எங்கள் முதல் தக்காளிகள் செத்தன.

முதல் போகத்தில் மூன்று பேர்ச்சுக்கு மேல் தொட வேண்டாம்.

சாம்பல்தீவு: எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர். தோட்டம் சரிவருமா?

எவ்வளவு உவர் என்பதைப் பொறுத்தது. கடலோர மணலில் நன்னீர் இலேசானதால் உவர்நீரின் மேல் படலம் போல மிதக்கிறது. மோட்டாரை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் மேலே உள்ள படலம் வற்றி, அடியில் உள்ள உவர்நீர் ஏறி வரும். காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் இறைத்துத் தொட்டியில் நிரப்பிக்கொள்ளுங்கள். இலையில் தெளிக்க வேண்டாம், உப்புப் படிந்து விளிம்பு கருகும், அடியில் ஊற்றுங்கள். போஞ்சியை மறந்துவிடுங்கள், உப்பு அதற்கு ஆகவே ஆகாது. பயற்றை ஓரளவு தாங்கும். மாரி மழை மண்ணில் சேர்ந்த உப்பைக் கழுவிக்கொண்டு போகும் என்பதால் உங்களுக்கு ஐப்பசிக்குப் பிறகுதான் நல்ல காலம்.

பாலையூற்று: காணிக்காரர் கனடாவில். அவருடைய மச்சான் "செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டார். போதுமா ரீச்சர்?

போதாது. மச்சானிடம் அற்றோணித் தத்துவம் (காணிக்காரர் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) இருந்தால் அவருடைய கையெழுத்து, இல்லாவிட்டால் காணிக்காரரிடமிருந்தே ஒரு கடிதம் வாங்குங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களின் பயம் நியாயமானது: பத்து ஆண்டுகள் ஒருவர் எதிர்ப்பின்றித் தனதென்று ஆண்டுவந்தால் ஆட்சியுரிமை கோரலாம் என்பது நம் நாட்டுச் சட்டம். ஆனால் சொந்தக்காரரின் அனுமதியோடு இருப்பவருக்கு அந்த உரிமை பிறக்காது. ஆகவே, "உங்கள் அனுமதியோடு, மரக்கறிக்கு மட்டும், இன்ன திகதி வரை" என்று எழுதினால் அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. காணியைத் திரும்பக் கேட்டால் காய்த்து நிற்கும் பயிரை எடுக்க மூன்று மாதத் தவணை என்று ஒரு வரி சேர்க்க மறக்க வேண்டாம்.

தென்னையும் மாவும் நடாதீர்கள். கன்றைப் படத்தில் பார்த்த அன்றே கனடாவிலிருந்து அழைப்பு வரும்! அரச காணி என்றால் வழி வேறு: கிராம அலுவலரிடம் தொடங்கிப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் பெற வேண்டும்.

கன்னியா: எந்த மாதம் தொடங்கலாம்?

ஆவணிக் கடைசியில் நாற்றுமேடை, புரட்டாதியில் பாத்தி, முதல் மழை இறங்கியதும் நடுகை. திருகோணமலைக்கு மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரைதான். மாரியில் மேட்டுப்பாத்தி போடுங்கள், வேர் அழுகாது. வைகாசிக்குப் பிறகு அதையே தலைகீழாக்கித் தாழ்பாத்தியாக வெட்டுங்கள். ஊற்றும் தண்ணீர் ஓடாமல் நிற்கும். கச்சான் காற்றைத் தடுக்க மேற்குப் பக்கம் ஒரு வரிசை அகத்தியோ கிளிசிரிசிடியாவோ இருக்கட்டும். கிளிசிரிசிடியாவைக் கதியாலாக ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். வெட்டிய தழையைப் பாத்தியில் மூடுபடையாகப் போடலாம், அவரைக் குடும்பம் என்பதால் தழைச்சத்து நிறைந்தது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் நம் மாவட்டக் கரையில்தான் ஏறியது. கார்த்திகை, மார்கழியில் புடோல், பாகல் பந்தல்களுக்கு ஆளுயரம் போதும்.

நகருக்குள்ளிருந்து: மாடு ஒரு பக்கம், மான் ஒரு பக்கம். வேலி எப்படிப் போடுவது?

வேறு மாவட்டத்தவருக்குச் சிரிப்பு வரும், ஆனால் வீதியில் புள்ளிமான் திரிகிற ஊர் நம்முடையது. கட்டாக்காலி மாட்டுக்கு நாலு கம்பி போதும், மானுக்குப் போதாது. பழைய மீன்வலையை மட்டும் கட்டாதீர்கள். அதில் கொம்பு சிக்கிய கலைமான் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். மூன்று பேர் கத்தியோடு நின்று வலையை அறுத்துவிடும் வரை அது பட்ட பாடு சொல்லி முடியாது. சட்டம் பாதுகாக்கும் விலங்கு என்பதையும் மறக்க வேண்டாம். கிடுகு வேலிதான் என் தெரிவு. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத இடத்துக்குள் மான் பாயத் தயங்கும். ஆறடி உயரத்தில், இடைவெளி விடாமல் கட்டுங்கள். ஓலை உக்கிப் போனால் எருக்குழிக்கு.

திருக்கடலூர்: எங்களிடம் மீன் கழிவு நிறைய. பசளையாகப் போடலாமா?

பச்சையாகப் புதைத்தால் இரவே நாய் கிளறிவிடும். தலை, குடல், செவுள் எல்லாவற்றையும் சிறிதாக நறுக்கி, அதே நிறைக்குச் சிவப்புச் சீனி சேர்த்து, மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளியில் நிழலில் வையுங்கள். வாளியை விளிம்புவரை நிரப்ப வேண்டாம். மூன்று, நான்கு கிழமையில் தேன் நிறத்துக் கரைசல் கிடைக்கும். பத்து லீற்றர் தண்ணீருக்கு 20 அல்லது 30 மில்லிலீற்றர் போதும். ஆர்வத்தில் அளவைக் கூட்டினால் கத்தரி இலையாகவே வளரும், காய்க்காது. சீனியின் விலையைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும், அது வேறு விடயம்.

கருவாட்டுக் கழிவு வேண்டாம், முழுவதும் உப்பு.

தம்பலகாமம்: முழுக்க சேதனப் பசளையில்தான் செய்ய வேண்டுமா? 2021இல் நாங்கள் பட்டது போதும்.

வயல்காரர் கோபம் எனக்குப் புரிகிறது, அண்ணன். 2021 ஏப்ரல் கடைசியில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்துவதாக அறிவித்து, நவம்பரில் கைவிட்டார்கள். அதற்குள் ஒரு போகம் போய்விட்டது. ஏக்கர் கணக்கில் நெல்லுக்குத் திடீரென்று கூட்டெரு தேட முடியாது. மூன்று பேர்ச் கீரைக்கு ஒன்பது வீட்டுக் குப்பையே போதும். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டாம். எங்கள் மணலில் போகத்துக்கு ஒரு முறை சதுர மீற்றருக்கு ஒரு வாளி கூட்டெருவும் கொஞ்சம் தும்புத்தூளும் போடுகிறோம். தயாரிப்பில் சந்தேகம் வந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள், அல்லது உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரைப் பிடியுங்கள்.

உவர்மலை: வேலைக்கு வராத வீட்டுக்கும் பங்கு கொடுக்க வேண்டுமா? இதிலேயே எங்கள் கூட்டம் இரண்டு தடவை குழம்பிவிட்டது.

வர மறுப்பவர் வேறு, வர முடியாதவர் வேறு. முதலில் அதைப் பிரித்துப் பேசுங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

எங்கள் முறை இதுதான். சனிக்கிழமை காலையில் பறித்ததெல்லாம் பனையோலைப் பாயில் கொட்டப்படும். அன்று தண்ணீர் முறைக்காரர் பதினொரு குவியல் பிரிப்பார். பிரித்தவர் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். இந்த ஒரு விதி வந்த பிறகு குவியல்கள் தராசில் வைத்தது போல் வருகின்றன! சொத்தைக் கத்தரிக்காய்கூட ஆளுக்கு ஒன்றாக விழுகிறது. காரணம் சொல்லாமல் இரண்டு தடவை தண்ணீர் முறையைத் தவறவிட்ட வீட்டின் குவியல், அந்தக் கிழமை ஒழுங்கையில் நோயாளி இருக்கும் வீட்டுக்குப் போகும். தண்டனை என்று யாரும் சொல்வதில்லை. வாயால் சொல்லாததால்தான் அது நடக்கிறது என்பது என் எண்ணம்.

வர முடியாதவர்களில் ஓர் ஆச்சி இருக்கிறார். முழங்கால் மடக்க முடியாது. அவரிடம் விதை வேலையைக் கொடுத்தோம். பழுத்துத் தங்க நிறமான கத்தரிக்காயைப் பிளந்து, விதையைக் கழுவி, அடுப்புச் சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்தித் தருவார். ஒழுங்கையில் அவர் எடுத்த விதை முளைக்காமல் போனதில்லை.

விடியற்காலையில் யாரோ காய் பறிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். காவல் போட வேண்டாம். வேலிக்கு வெளியே ஒரு வரிசை முருங்கையும் பசளிக் கொடியும் வைத்து, "யாரும் பறிக்கலாம்" என்று எழுதிவிடுங்கள். எங்களுக்கு அது பலித்தது. முழுதாக இல்லை, முக்கால்வாசி.

கிண்ணியா: தண்ணீர்த் தொட்டியால் டெங்கு வரும் என்று அயலவர் பயப்படுகிறார்கள்.

2017இல் கிண்ணியா பட்ட பாட்டுக்குப் பிறகு பயப்படாவிட்டால்தான் தவறு, தம்பி. தொட்டியை நுளம்பு வலையால் இறுக்கி மூடிக் கட்டுங்கள். கிழமைக்கு ஒரு நாள் தொட்டியை வடித்து உட்சுவரைத் தேயுங்கள். முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். சிரட்டை, தயிர்ச் சட்டி, பழைய டயர் எதுவும் காணிக்குள் கிடக்கக் கூடாது. பயந்த அயலவரையே அந்த வேலைக்குப் பொறுப்பாக்குங்கள், அவரைவிடக் கவனமாக யாரும் பார்க்க மாட்டார்.

நிலாவெளி: மிளகாய் இலை சுருள்கிறது.

மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கி என்றால் சிற்றுண்ணி. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் சிறிது சவர்க்காரமும் கலந்து, மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். மஞ்சளோடிக் குறுகி நின்ற செடியை வைரசு பிடித்திருக்கும். அதைப் பிடுங்குங்கள், இரங்க வேண்டாம்.

மனையாவெளி: ஆச்சியின் கத்தரி விதை எங்களுக்கும் கிடைக்குமா ரீச்சர்?

உவர்மலைக்குச் சொன்ன பதிலைப் படித்தவுடன் கேட்டிருக்கிறீர்கள், தங்கச்சி! சனிக்கிழமை ஏழு மணிக்கு முன் வாருங்கள், பாயில் கொட்டும் நேரம். மூடியுள்ள சின்னப் போத்தல் ஒன்று கொண்டுவாருங்கள். ஆச்சிக்கு வெற்றிலை பிடிக்கும்.