மண் ஓவல் (நீள்வட்ட) டிராக்கில் கார்ட் என்ற குட்டி ரேஸ் வண்டியை ஓட்ட ஆசை. அனுபவம் இல்லாதவர் எங்கிருந்து தொடங்குவது, முதலில் எதை வாங்குவது?

முதலில் எதையும் வாங்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் மண் டிராக்குக்கு ஒரு ரேஸ் நாளில் போய், கார்ட்களைத் தயார் செய்யும் ‘பிட்’ பகுதிக்கான பாஸ் எடுத்து உள்ளே சுற்றிப் பாருங்கள். எந்த கிளாஸில், அதாவது போட்டிப் பிரிவில், அதிக கார்ட்கள் வந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். நீங்கள் ஓட்ட வேண்டியது அந்த கிளாஸில்தான். நாலைந்து பேர் மட்டும் ஓட்டும் கிளாஸுக்குப் பணம் போட்டால், அடுத்த சீசனில் அந்த கிளாஸே இல்லாமல் போகலாம். நிறையப் பேர் ஓட்டும் கிளாஸில் பழைய சாமான் கிடைக்கும், சந்தேகம் கேட்கவும் ஆள் இருக்கும்.

இது பெரும்பாலும் அமெரிக்காவில், குறிப்பாக ஜார்ஜியா, கரோலினா பக்கம் வேரூன்றிய விளையாட்டு. அங்கே தொடக்கக்காரர்கள் அதிகம் பார்ப்பது இரண்டு வகை எஞ்சின்கள். ஒன்று பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எல்ஓ206. தொழிற்சாலையிலேயே சீல் வைத்து வருவது, சுமார் 9 குதிரைத்திறன், 6,100 ஆர்பிஎம்மைத் தாண்ட விடாத லிமிட்டர். இன்னொன்று ஹோண்டா ஜிஎக்ஸ்200 மாதிரியில் செய்யப்பட்ட 196 சிசி எஞ்சின். பிட்டில் எல்லோரும் ‘க்ளோன்’ என்றுதான் சொல்வார்கள். க்ளோனில் ஜெயிக்க நல்ல எஞ்சின் பில்டர் ஒருவர் வேண்டும். 206-இல் சீலைத் திறக்கவே கூடாது என்பதால் பக்கத்து கார்ட்காரரின் பணம் உங்களை அடிக்காது. உங்கள் டிராக்கில் 206 கிளாஸ் இருந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள்.

க்ளோன் என்றால் பல இடங்களில் எரிபொருள் மெத்தனால். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. சூடான எஞ்சின் பக்கத்தில் எரிபொருள் ஊற்றும்போது விளையாட்டுத்தனம் வேண்டாம். இரவு வீட்டுக்கு வந்ததும் கார்புரேட்டரில் இருக்கும் மெத்தனாலைக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே அரித்துவிடும். எஞ்சின் ஆயிலையும் ஒவ்வொரு ரேஸ் நாளுக்குப் பிறகும் மாற்றுங்கள்.

கார்ட் வாங்கும்போது பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இடமும் வலமும் திரும்பும் ரோடு டிராக்குக்குச் செய்த கார்ட் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிடுவார்கள். ஓவலில் இடப்பக்கம் மட்டும்தான் திரும்புகிறோம். அதனால் ஓவல் சேசிஸில் (கார்ட்டின் அடிச்சட்டத்தில்) சீட்டே இடப்பக்கம் தள்ளி இருக்கும். மொத்த எடையில் பாதிக்கு மேல், 55 முதல் 60 சதவீதம் போல, இடப்பக்கச் சக்கரங்களில் உட்கார வைப்பார்கள். திருப்பத்தில் எடை வலப்பக்கம் பாயும், அதற்கான ஏற்பாடு இது. ஆகவே பழையதாக இருந்தாலும் ஓவல் சேசிஸாகவே வாங்குங்கள். வாங்கும் முன் ஆக்சிலைச் (சக்கரங்களை இணைக்கும் தண்டைச்) சுழற்றி வளைவு இருக்கிறதா பாருங்கள், பைப்களின் வெல்டுகளில் விரிசல் தேடுங்கள், பேரிங் கரகரக்கிறதா என்று கேளுங்கள்.

அப்புறம் டயர். என்னைக் கேட்டால் எஞ்சினுக்கு வைத்திருக்கும் பணத்தில் பாதியை இங்கே திருப்புங்கள். பின் ஆக்சில் ஒரே தண்டு, டிஃபரென்ஷியல் கிடையாது. இரண்டு பின் சக்கரமும் ஒன்றாகவே சுற்றும். ஆனால் திருப்பத்தில் வெளிச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும். அதற்காக வலது பின் டயரின் சுற்றளவை இடதுக்கு மேல் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள். வாய் அகன்ற டம்ளரைப் படுக்கப் போட்டு உருட்டினால் வட்டமடிப்பது போல, கார்ட் தானாகவே இடப்பக்கம் உருள விரும்பும். இந்த வித்தியாசத்துக்கு ஸ்டேகர் என்று பெயர். ஒரு அங்குலத்தை ஒட்டி இருக்கும், திருப்பம் இறுக்கமானால் கூடும். டேப்பைச் சுற்றி அளந்து எழுதி வையுங்கள். காற்றழுத்தம் மாறினால் சுற்றளவும் மாறும்.

டயரில் ரசாயனம் தடவி மென்மையாக்குவதை ‘பிரெப்’ என்பார்கள். அது ஒரு தனி உலகம். முதல் சீசனில் அதற்குள் போகாதீர்கள். தடவ அனுமதிக்காத கிளாஸ் இருந்தால் அதுவே நல்லது. தடவியே ஆக வேண்டும் என்றால் கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அந்தத் திரவங்கள் உடம்புக்கு நல்லதல்ல.

பாதுகாப்பில் சிக்கனம் வேண்டாம். கூண்டு வைத்த சாம்ப் கார்ட்டில் பெல்ட் உண்டு. சாதாரண கார்ட்டில் பெல்ட் இல்லை, கவிழ்ந்தால் நீங்கள் வெளியே விழுவீர்கள். ஸ்னெல் என்ற பாதுகாப்புத் தர முத்திரை உள்ள முழுமுக ஹெல்மெட், கழுத்துப் பட்டை, விலா கவசம், ஜாக்கெட், கையுறை எல்லாம் வேண்டும். ஹெல்மெட்டில் எந்த ஆண்டு முத்திரை வரை ஏற்பார்கள் என்று டிராக்கில் கேட்டுவிட்டு வாங்குங்கள். சீட் உங்கள் இடுப்புக்கு இறுக்கமாக இருக்கட்டும். தளர்ந்திருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் வலது விலாதான் அடி வாங்கும்.

சரி, ஓட்டுவது. மண் என்றாலே பின்பக்கத்தைச் சறுக்க விட்டு ஓட்ட வேண்டும் என்று படம் பார்த்து நினைத்திருப்போம். 9 குதிரைத்திறனில் அது கட்டுப்படியாகாது. சறுக்கும் ஒவ்வொரு அடியிலும் வேகம் கரைகிறது, ஆர்பிஎம் விழுந்தால் திரும்ப ஏற அரை நேர்ப்பாதை போய்விடும். வேகமான ஆளைக் கவனியுங்கள், தண்டவாளத்தில் போவது போலத்தான் தெரியும். அகலமாக உள்ளே வந்து, நடுவில் உள் விளிம்பைத் தொட்டு, மறுபடி அகலமாக வெளியே போவார். ஸ்டீயரிங் கொஞ்சம்தான் அசையும்.

இந்த விளையாட்டின் உண்மையான அழகு தரையில்தான் இருக்கிறது. சாயங்காலம் தண்ணீர் தெளித்த மண் ஈரமாக, பிடிப்பாக இருக்கும். இரவு ஏற ஏற அது காயும். பிறகு ரப்பர் படிந்து கறுத்த ஒரு தடம் உருவாகும், வேகம் அந்தத் தடத்தில்தான். மதியம் சரியாக இருந்த காற்றழுத்தமும் கியரும் ஃபைனல் ரேஸுக்குச் சரிப்படாது. உங்கள் ஹீட் (ஃபைனலுக்கு முந்தைய சுற்று) முடிந்ததும் உட்கார்ந்துவிடாமல், அடுத்த கிளாஸ் ஓடும்போது வேலியருகே நின்று தடம் எங்கே நகர்கிறது என்று பாருங்கள். இதைக் கற்றுக்கொள்ள எஞ்சின் பில்டரும் தேவையில்லை, பணமும் தேவையில்லை.

ரேஸ் நாளன்று கடைசி வரிசையிலிருந்து தொடங்க விரும்புவதாக அதிகாரியிடம் சொல்லுங்கள். பின்னால் வேகமாக ஒருவர் வந்தால் ஒதுங்க வளையாதீர்கள். உங்கள் தடத்திலேயே நேராகப் போங்கள், தாண்டுவது அவர் வேலை. சுழன்று நின்றுவிட்டால் கையை உயர்த்துங்கள். கார்ட்டும் ஓட்டுநரும் சேர்ந்து இவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு கிளாஸுக்கும் கணக்கு உண்டு. குறைந்தால் சீட்டில் ஈயக் கட்டியைப் போல்ட் போட்டுச் சேர்ப்பார்கள். கொடி விழுந்ததும் நேரே எடை மேடைக்குப் போங்கள். குறைந்தபட்ச எடைக்குக் கொஞ்சம் கீழே இருந்தாலும் உங்கள் இடம் பறிபோய்விடும், அதனால் இரண்டு மூன்று பவுண்ட் கூடுதலாகவே வைத்திருங்கள்.